ஐம்பது வாட் தரணிதரனின் ஒரு மாசத் தீர்மானம்

ஐப்பசி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், காற்றைச் சுத்தம் செய்தே தீருவது என்று தரணிதரன் முடிவு கட்டினார்.

வீட்டுக்குள் வருகிற காற்றை அல்ல. குன்னூர்ச் சரிவில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற ஓட்டு வீடுகளில் நாலாவது அவருடையது. அந்த வீட்டுக் காற்றில் ஈரமும் பூஞ்சை வாடையும் முப்பது வருஷமாக அப்படியேதான் இருக்கின்றன. அதனால் மனைவி வேலாமணிக்கு மூச்சு வாங்குகிறது என்பதும் அவருக்குத் தெரியும். தெரியும் என்றால், காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் சுத்தம் செய்யக் கிளம்பியது ஹாம் ரேடியோக்காரர்களின் காற்றை.

ஹாம் ரேடியோ என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டில் சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்து ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்வார்கள். பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. நீலகிரியிலும் கீழே கோயமுத்தூர் வரைக்குமாக இப்படிப் பன்னிரண்டு பேர் தினமும் காலை ஆறரை மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குக் காலை நெட் என்று பேர். அரவேணுவில் மளிகைக் கடை வைத்திருக்கும் சுப்பண்ணன்தான் நெட்டை நடத்துகிறவர். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் பேசிவிட்டு வழி விட வேண்டும்.

தரணிதரன் வழி விட்டதே கிடையாது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க். லாட் நம்பர், ரகம், மூட்டைக் கணக்கு என்று அவர் எழுந்து நின்று படித்தால் மண்டபத்தில் நாற்பது பேர் குனிந்து எழுதிக்கொள்வார்கள். அப்புறம் ஏலம் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மனுஷர் ரிட்டயர் ஆனார். இப்போது அவர் சொல்வதை எழுதிக்கொள்ள உலகத்தில் யாரும் இல்லை. மகள் சுவாதி கோயமுத்தூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், போன் செய்தால் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். தன் குரலுக்குப் பதில் குரல் வருகிற இடம் என்று அவருக்கு மிஞ்சியிருந்தது காலை நெட் ஒன்றுதான். அதுவும் போனால் அவர் கதை முடிந்தது.

ஆகவே அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கைக்குள் அடங்குகிற அஞ்சு வாட் செட்டில் பேச, அவர் ஐம்பது வாட் செட் வாங்கி, ஓட்டுக்கு மேலே இருபதடிக் குழாய் நட்டு ஏரியல் கட்டினார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் பலமான செட்டின் குரல்தான் மேலே ஏறும். மற்றது கொர்ரென்ற சத்தமாகிப் போகும். ஆறு வருஷமாகக் கொர்ரென்ற சத்தமாகிப் போனவர்கள் மற்ற பதினொரு பேர்.

அந்தத் திங்கட்கிழமை சுப்பண்ணன் ரொம்பத் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். "நம்ம நெட்ல ஒருத்தரு, பேரு சொல்ல விரும்பலீங்க, அடுத்தவங்க பேசறப்ப எடைல பூந்துடறாரு. ஆரம்பிச்சா நிறுத்தறதுமில்ல. நல்ல மனுசன்தான். மனசு நோகாம இதுக்கொரு வழி பண்ணோணும். எல்லாரும் சித்தெ யோசனை பண்ணுங்க."

தரணிதரன் உடனே பட்டனை அமுக்கி, அப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடக் கூடாது என்று ஒன்பது நிமிஷம் பேசினார். அதே சமயம் பேசிக்கொண்டிருந்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

"ஏம்புள்ள, கேட்டியா?" என்று செட்டை அணைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பினார். "நெட்ல ஒருத்தன் மரியாதை இல்லாம நடந்துக்கறானாம்."

வேலாமணி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கேட்டனுங்க. ஏனுங்க, அதுக்கு முன்னால நானொரு விசயம் சொல்லோணும். போன வாரம் டாக்டரு..."

"டாக்டரு கெடக்கட்டும். அது யாருன்னு நெனைக்கறே?"

வேலாமணி அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரியாம என்ன. தேவாலா சுரேந்திரன்தான்."

"அவுருங்களா?"

"பின்ன? நான் பேசறப்பவெல்லாம் அவனும் பேசறான். கவனிச்சுட்டுத்தான் இருக்கேன். நான் பட்டன உட்டாப் பாதி வார்த்தைல நிக்கறான். அப்படின்னா என்ன அர்த்தம்? நான் பேசறப்ப எடைல பேசியிருக்கான்னுதான அர்த்தம்?"

சுரேந்திரன் தேவாலாவில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். சிலோனிலிருந்து வந்த குடும்பம். அடுக்களையில் நின்றுகொண்டு ஆறு வருஷமாகக் காலை நெட்டைக் கேட்கிறவள் அவள். சுரேந்திரன் ஒரு வாக்கியத்தை முடித்து அவள் கேட்டதில்லை.

"ஒரு தீர்மானம் போடறேன்" என்றார் தரணிதரன். "நீ எழுது. உன் கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்."

அவர் லைசென்ஸ் வாங்கினபோதும் இப்படித்தான். புத்தகத்தை அவள் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், அவர் ஒப்பிக்க வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டு மூன்றாம் தடவை தேறினார். அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று அவருக்குத் தெரியாது. லைசென்ஸ் வந்த அன்றைக்கு அவர் வேலாமணியிடம் சொன்னது ஒன்றே ஒன்று. லைசென்ஸ் இல்லாதவங்க மைக்கத் தொட்டா போலீஸ் வரும், ஜாக்கிரதை.

வேலாமணி மேஜை முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மழையும் மூட்டமும் சேர்ந்து எதிர்ச் சரிவுத் தேயிலையையே அழித்து வைத்திருந்தன.

"அந்தாளு பேச வாயத் தொறந்தா எல்லாரும் சேந்து நாலு போடு போடணும். எழுது."

"ஏனுங்க, திட்டுனா அவருக்கு இன்னும் தெம்பு வந்துருமுங்க. திட்டறதுக்குப் பதில் சொல்லறேன்னு அரை மணி நேரம் பேசுவாருங்க."

தரணிதரன் யோசித்தார். அது நிஜம்தான். தன்னைத் திட்டினால் தான் அப்படித்தான் செய்வோம் என்று அவருக்குத் தோன்றியது.

"அதுக்கு யாரும் பதிலே சொல்லாம உட்டுட்டா?" என்றாள் வேலாமணி, பேனாவைப் பார்த்தபடி.

"ஆங். இதத்தான் நான் சொல்ல வந்தேன், நீ எடைல பூந்துட்டே. எழுது. விதி ஒண்ணு. மரியாதை இல்லாதவர் பேசினால் யாரும் பதில் சொல்லக் கூடாது. விதி ரெண்டு. கேட்ட மாதிரியே காட்டிக்கக் கூடாது, பேரச் சொல்லக் கூடாது, அடுத்த ஸ்டேஷன் வாங்கன்னு போயிட்டே இருக்கணும். விதி மூணு. நேர்ல பாத்தாலும் சரி, போன்ல கூப்புட்டாலும் சரி, இதப் பத்தி மூச்சு விடக் கூடாது. அப்பத்தான் தப்பிக்கச் சந்து பொந்து இருக்காது."

"எழுதிட்டனுங்க. அப்பறம், திருந்துனா சேத்துக்கோணுமில்லீங்களா? எத்தன நாளைக்குங்க இது?"

"ஒரு மாசம்."

வேலாமணியின் பேனா நின்றது. "ஒரு மாசமுங்களா? பாவமுங்க. பத்து நாள் போதாதுங்களா?"

"பத்து நாள்ல எவன் திருந்துவான்? ஒரு மாசம். அதுதான் விதி நாலு."

"வயசான மனுசனா இருந்தாத் தாங்க மாட்டாருங்க. பேச ஆளில்லாம ஏங்கிப் போயிருவாரு. பத்து நாளுன்னு வெய்ங்களேன்."

"சுரேந்திரனுக்கு என்ன வயசாச்சு? உனக்கு எரக்கம் ஜாஸ்தி. இந்த மாதிரி ஆளுங்களுக்கு எரக்கம் காட்டக் கூடாது. ஒரு மாசம் வாயத் தொறக்காம உக்காந்து கேக்கட்டும். எழுது."

அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "ஏனுங்க, அந்த டாக்டரு விசயம்..." என்றாள். தரணிதரன் அதற்குள் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை நெட்டில் தீர்மானத்தை வாசித்தார். ஏலத்தில் படித்த அதே குரல். நாலு விதியைப் படிக்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று.

படித்து முடித்ததும் சுப்பண்ணன் கேட்டார். "தரணியண்ணா, இது நிச்சயமாத்தானுங்களா?"

"சத்தியமா."

"யாரா இருந்தாலுமுங்களா?"

"யாரா இருந்தாலும். என் சொந்தக்காரனா இருந்தாலும்."

"ஒரு மாசம்ங்கறது கொஞ்சம்..."

"ஒரு நாள் கொறையக் கூடாது."

சம்மதமா என்று சுப்பண்ணன் ஒவ்வொருவராகக் கேட்டார். சம்மதம், சம்மதம் என்று மளமளவென்று வந்தது. ஆறு வருஷத்தில் இந்த நெட்டில் எதற்கும் இத்தனை ஒற்றுமை இருந்ததில்லை. கடைசியாகச் சுரேந்திரன், "எனக்கு மிச்சம், ரொம்பவே சந்தோசமுங்க ஐயா" என்றான். தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறான், பாவம் என்று தரணிதரன் உச்சுக் கொட்டினார்.

புதன்கிழமை. ஆறரை மணி. தரணிதரன் பட்டனை அமுக்கித் தன் நிலையத்தின் பேரைச் சொல்லி, காலை வணக்கம் சொல்லி, மழை பற்றி நாலு வார்த்தை சொல்லிப் பட்டனை விட்டார்.

"அடுத்த ஸ்டேஷன் வாங்க" என்றார் சுப்பண்ணன்.

சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் கூப்பிட்டார். அடுத்த ஸ்டேஷன் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூன்றாம் தடவை கூப்பிட்டார். நெட் முடிந்தே போயிற்று.

அவருக்கு வேர்த்தது. அந்தக் குளிரில் வேர்ப்பது சாமானியம் இல்லை.

"செட்டு போயிருச்சு புள்ள. எனக்கு எல்லாரும் கேக்குது. நான் பேசறது வெளியே போகல."

மீட்டரை வைத்துப் பார்த்தார். ஐம்பது வாட் குறையாமல் காட்டியது. ஏரியலில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று மூட்டத்தில் ஏணி போட்டு ஓட்டின் மேல் ஏறினார். வேலாமணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் துண்டு போட்டும் சாரல் அவளை நனைத்தது. நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"ஏனுங்க, இந்தக் குளுரு ஆகாதுன்னு டாக்டரு..."

"ஏணிய ஆட்டாத புள்ள, விழுந்துருவேன்."

கீழே இறங்கியதும் தன்னிடமிருந்த கையடக்க செட்டை அவளிடம் கொடுத்து வாசல் கேட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். உள்ளே வந்து ஐம்பது வாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஜன்னலைத் திறந்து, "கேக்குதா?" என்று கத்தினார்.

"நல்லாக் கேக்குதுங்க."

"அப்பறம் ஏன் ஒருத்தனும் பதில் சொல்லல?"

"கேக்கறது வேறெ, பதில் சொல்றது வேறயில்லீங்களா" என்றாள் வேலாமணி. தரணிதரன் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

சுப்பண்ணனுக்குப் போன் செய்தார். "சுப்பண்ணா, இன்னிக்கு நான் பேசுனது கேட்டுதா?"

"அரவேணுல நல்ல மழைங்கண்ணா" என்றார் சுப்பண்ணன்.

"அதில்லப்பா, காலைல..."

"கடைல ஆளு நிக்கறாங்க, அப்பறம் பேசறனுங்கண்ணா."

வியாழனும் இதே கதை. ஹாம்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் செத்துப் போனால், நெட்டில் அவர் நிலையத்தின் பேரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். பதில் வராது. கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா இருந்துவிட்டு, அந்தப் பேரை ஏட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். வியாழக்கிழமை காலையில் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தரணிதரனுக்கு அந்த நினைப்பு வந்தது. மூன்று தடவை கூப்பிடுகிறவன் தானாகவும், பதில் சொல்லாதவர்கள் ஊராகவும் இருந்தால், செத்தது யார்? அவருக்குக் காப்பி இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலாமணி இரண்டு பெரிய பைகளோடு வாசலில் நின்றாள். மலை ரயில் ஓடவில்லை, எங்கேயோ மண் சரிந்திருந்தது. பஸ்ஸில் போக வேண்டும்.

"சுவாதி ஊட்டுக்குப் போறனுங்க."

"ம்."

"எப்ப வருவேன்னு கேக்கலீங்களா?"

"அந்த ஸ்பேர் கேபிள் எங்க வெச்சே?"

"பீரோவுக்கு அடீல இருக்குதுங்க. ரசப்பொடி ரெண்டாந் தட்டுல. மாவு ஃபிரிட்ஜுல இருக்குது." கொஞ்சம் நின்றாள். அவர் ஏதாவது கேட்பார் என்று பார்த்தாளோ என்னவோ. தரணிதரன் பீரோவுக்கு அடியில் குனிந்திருந்தார்.

சனிக்கிழமை கேபிளையும் மாற்றியாகிவிட்டது. பதில் இல்லை. அன்றைக்கு நெட் முடிகிற நேரத்தில் சுப்பண்ணன் சொன்னார். "நம்ம தீர்மானம் இன்னிக்கு நாலாவது நாளுங்க. கஷ்டமாத்தான் இருக்குது. ஆனாப் போட்ட விதிப்படி, கேட்டுட்டிருக்கற நண்பர் கேட்டுட்டே இருக்கட்டும். இன்னும் இருபத்தாறு நாளுங்க."

தரணிதரனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஆகா, அந்தப் பயலுக்கும் பதில் இல்லை என்று நினைத்தார். அடுத்த நொடியே, இன்றைக்குச் சுரேந்திரன் பேசினானே என்று நினைவு வந்தது. நேற்றும் பேசினான். எல்லாரும் அவனுக்குப் பதில் சொன்னார்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேருக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

மேஜைக்கு மேலே சுவரில் தீர்மானம் ஒட்டியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

வயசான மனுசனா இருந்தாத் தாங்க மாட்டாருங்க. அவள் சொன்னது இப்போதுதான் காதுக்குள் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் வேலாமணிக்குப் போன் செய்தார். இருபது நிமிஷம் பேசினார். நன்றி கெட்ட ஜனங்கள் என்றார். முப்பத்து நாலு வருஷம் படித்த குரலுக்கு இதுதான் மரியாதையா என்றார். உனக்கு முன்னாலேயே தெரியும்தானே என்றார். "ஏனுங்க, நானொரு விசயம்..." என்று அவள் ஆரம்பித்தபோது, "இரு, நான் இன்னும் முடிக்கல" என்றார். முடிக்கும்போது அவருடைய போனில் சார்ஜ் இல்லை.

அப்புறம் என்ன செய்வது. விதி போட்டவரே மீறினால் ஊர் சிரிக்கும். தினமும் ஆறரைக்குச் செட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். வீட்டில் வேறு சத்தம் இல்லை. ஓட்டில் மழை விழுகிற சத்தம், ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம், காலை நெட். மாவு தீர்ந்தது. ரசம் வைத்தார், அது தண்ணீராக இருந்தது. சொல்ல ஆளில்லாமல் குடித்தார்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. அவர் இல்லாமல் நெட் அரை மணியில் முடிகிறது. எல்லாரும் இரண்டிரண்டு நிமிஷம்தான் பேசுகிறார்கள். எட்டாவது நாள் சுரேந்திரன், "அம்மா இன்டைக்கு ரெண்டு வாய்க் கஞ்சி குடிச்சாங்க" என்றான். கட்டிலை விட்டு எழுந்து உட்கார்ந்தாங்களா என்று சுப்பண்ணன் கேட்டார். மேட்டுப்பாளையத்திலிருந்து யாரோ காலைப் பிடித்துவிடச் சொன்னார்கள். அந்த அம்மாள் மூன்று மாசமாகப் படுக்கையில் இருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மூன்று மாசமும் தினம் தினம் சுரேந்திரனோடு ஒரே நெட்டில் இருந்த தரணிதரனுக்குத் தெரியாது. அவன் பாதி வார்த்தையில் நின்றதெல்லாம் இதைச் சொல்ல வந்துதான். அவருக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டு வெட்கப்படுவது ரொம்பக் கஷ்டம்.

சுரேந்திரனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் பதில் வராது. கையடக்க செட்டையாவது அருகில் வைத்துக்கொண்டு அடுக்களையில் கேட்கலாம் என்று தேடினார். அதையும் காணோம்.

பதினோராவது நாள், சனிக்கிழமை. எல்லாரும் பேசி முடித்த பிறகு, "புதுசா யாராவது இருக்கீங்களா?" என்று சுப்பண்ணன் வழக்கம்போலக் கேட்டார். கேட்டுவிட்டு இடைவெளி விட்டார்.

"காலை வணக்கமுங்க. புது ஸ்டேஷனுங்க" என்று ஒரு பெண் குரல் வந்தது. தன் நிலையத்தின் பேரை எழுத்து எழுத்தாக, தப்பில்லாமல் சொல்லியது. "பேரு வேலாமணி. ஊரு குன்னூருங்க. இப்பக் கோயமுத்தூர்ல மக ஊட்டு மொட்டை மாடில இருந்து பேசறனுங்க."

தரணிதரன் கையிலிருந்த டம்ளர் மேஜையில் கவிழ்ந்தது. காப்பி ஓடித் தரையில் சொட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"வாங்கம்மிணி, வாங்க" என்றார் சுப்பண்ணன். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "லைசென்ஸு எப்ப வந்துதுங்க?"

"வந்து மூணு மாசமாச்சுங்க. போன வருசம் மக பிரசவத்துக்கு வந்தப்பப் பரீட்சை எழுதினனுங்க. ஊட்டுல ஒருத்தருக்கு மூணு வாட்டி புஸ்தகம் புடிச்சு ஒப்பிக்க வெச்சதுல எனக்கே மனப்பாடமாயிருச்சுங்க. ஒரே வாட்டில பாஸு."

நெட்டில் யாரோ லேசாகச் சிரித்து, உடனே பட்டனை விட்டார்கள்.

"சுப்பண்ணங்களே, எனக்கு ஒரு நிமிசம் வேணுமுங்க. கேட்டுட்டிருக்கற ஒருத்தருக்கு ஒரு சேதி சொல்லோணும்."

"சொல்லுங்கம்மிணி. எல்லாரும் சும்மா இருங்க."

தரணிதரனின் கை மைக்குக்குப் போய்விட்டது. கட்டை விரல் பட்டன் மேல் இருந்தது. அவளிடம் இருப்பது அவருடைய கையடக்க செட். அஞ்சு வாட். இவர் அமுக்கினால் ஐம்பது வாட். அவள் கொர்ரென்ற சத்தமாகிப் போவாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷமாக அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அமுக்கினால் அவள் என்ன சொல்கிறாள் என்று இவருக்குக் கேட்காது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பயமும் ஆசையுமாக இருந்தது. விரலை எடுத்தார்.

"ஏனுங்க," என்றாள் வேலாமணி. நெட் மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. "இத நேர்ல எத்தனையோ வாட்டி சொல்லப் பாத்தனுங்க. முடியல. போன்ல சொன்னா ரெண்டு பேரும் ஒரே சமயத்துல பேசலாம், அதான் தொந்தரவு. டாக்டரு என்ற நெஞ்சப் படம் புடிச்சுப் பாத்தாருங்க. இந்த மலை ஈரமும் பனியும் இனி ஆகாது, கீழ போயிருங்கன்னுட்டாரு. இன்னொரு மழைக்காலம் அங்க இருந்தாத் தாங்க மாட்டனாமா. அதனால நான் இங்கயே இருந்துக்கறனுங்க. உங்கள வாங்கன்னு சொல்றதுக்குத்தான் இத்தனை நாளாப் பாத்துட்டிருந்தேன். சுவாதி ஒரு ரூமு ஒதுக்கியிருக்கா. ஏரியல் கட்ட மொட்டை மாடியும் இருக்குது. வர்றதும் வராததும் உங்க இஷ்டமுங்க. இப்பப் பதில் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். இவ்வளவுதானுங்க. முடிச்சுக்கறேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஈர வீட்டில் தரணிதரனின் கண்ணும் ஈரமாயிற்று. கேட்டுக்கு வெளியே சாரலில் செட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதும், ஏணிக்கடியில் அந்த விசில் சத்தமும், வாசலில் இரண்டு பெரிய பைகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன. மகளைப் பார்த்துவிட்டு வரவா இரண்டு பை என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அரை மணி நேரத்துக்கு இருந்தது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். விதியாவது ஒன்றாவது. பட்டனை அமுக்கினார்.

"வர்றேன்" என்றார்.

விட்டுவிட்டார். ஐம்பது வாட்டில் அவர் பேசின பேச்சிலேயே சின்னது அதுதான். கூடலூர் முதல் கோயமுத்தூர் வரைக்கும் சுத்தமாகக் கேட்டிருக்கும்.

பதிலுக்குக் காத்திருந்தார். செட்டில் இரைச்சல்கூட இல்லை. சுப்பண்ணன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த ஸ்டேஷன் வாங்க" என்றார்.

நெட் முடிந்தது. தரணிதரன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. வேலாமணி. அவர் எடுத்தார். வாயைத் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் அவள் பேசட்டும் என்று காத்திருந்தார்.

"ஏனுங்க, இதப் பத்திப் போன்ல மூச்சு விடக் கூடாதுன்னு மூணாவது விதி இருக்குது, அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வெச்சர்றேன்" என்றாள் வேலாமணி. "பத்து நாளுன்னு அன்னிக்கே ஒத்துக்கிட்டிருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்களுக்குப் பதில் கெடைச்சிருக்குமுங்க."